விழுந்த மரக்கட்டையில் பெயர் தெரியாத ஈ: அடையாளம் காண்பது எப்படி?

காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஓர் ஈயைப் பார்க்கிறீர்கள். வீட்டு ஈ இல்லை, பழ ஈ இல்லை, கொசுவும் இல்லை. போனில் ஒரு படம் எடுத்துத் தேடினால் ஐரோப்பாவில் இருக்கும் ஏதோ ஒன்றின் பெயர் வருகிறது. வாட்ஸப்பில் போட்டால் "குளவி மாதிரி இருக்கே, கிட்ட போகாதீங்க" என்கிறார்கள். தெரிந்த பேராசிரியருக்கு அனுப்பினால் "படம் தெளிவா இல்லையே தம்பி" என்று பதில். ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் பக்கத்துக் காட்டில் பார்த்த ஒரு கறுப்பு ஈக்காக இதையெல்லாம் சுற்றி வந்தவன் நான். நீளக் கால், வெள்ளைப் பாதம், எறும்பு மாதிரி ஒரு நடை. அதற்குப் பெயர் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வடசென்னையில் இருந்துகொண்டு இதில் இறங்குகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்தால் அலைச்சல் குறையும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. ஈக்களில் பெரும்பாலானவற்றுக்குப் படத்தை வைத்து இனம் வரை பெயர் சொல்ல முடியாது. குடும்பம் என்ற பெரிய பிரிவு வரை போவது ஒரு மாலை வேலை. அதற்குள் அடங்கும் பேரினம் வரை போக வாரங்கள் ஆகலாம். இனம் வேண்டுமென்றால் ஈயே கையில் இருக்க வேண்டும். அதை நுண்ணோக்கியில் பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். எது வரை போகப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். குடும்பம் போதும் என்றால் 5ஆம் படியோடு நிறுத்திவிடலாம். கைவசம் போன் இருந்தால் செலவு 500 ரூபாய்க்குள் முடியும்.

1. அது ஈதானா?

இறக்கையை எண்ணுங்கள். ஈக்கு இரண்டே இறக்கை. குளவிக்கும் தேனீக்கும் நான்கு. ஆனால் குளவியின் பின்னிறக்கை சின்னது. முன்னிறக்கையோடு கொக்கி போட்டுச் சேர்ந்தே இருப்பதால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு போலத்தான் தெரியும். இந்த இடத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். அதனால் பக்கவாட்டில் பாருங்கள். ஈயாக இருந்தால் பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். ஹால்டியர் என்பது அதன் பெயர். பறக்கும்போது உடம்பைச் சமநிலையில் வைப்பது அதுதான்.

பட்டுப்போன மரத்தைச் சுற்றித் திரியும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஏராளம். மீசை நீளமாக, ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தால், வால் பக்கம் மெல்லிய ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் இக்னியூமன் வகைக் குளவி. கட்டைக்குள் இருக்கும் வண்டுப் புழுவைத் தேடி முட்டை வைக்க வந்திருக்கிறது. அதற்கு இந்த வழிகாட்டி உதவாது.

2. ஈயைவிட முதலில் கட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நிபுணர் கேட்கும் முதல் கேள்வியே "எதன் மேல் இருந்தது?" என்பதுதான். மரத்தில் பெருகும் ஈக்கள் ஒவ்வொன்றுக்கும் கட்டையின் ஒரு பருவம் உண்டு. புதிதாக விழுந்து சாறு வடியும் மரத்துக்கு வருவது வேறு. பட்டை உரியத் தொடங்கி, அடியில் ஈரம் ஊறி நாறும் மரத்துக்கு வருவது வேறு. காளான் பூத்துக் கையால் அழுத்தினால் பொடியாகும் மரத்துக்கு வருவது வேறு.

போனில் இவற்றைக் குறித்துக்கொண்டால் போதும்: என்ன மரம் (தெரியாவிட்டால் பட்டை, இலை, காய் இவற்றின் படம்), பட்டை இருக்கிறதா, காளான் உண்டா, ஓட்டைகளிலிருந்து மரத்தூள் கொட்டுகிறதா, வெயிலா நிழலா, ஈ கட்டையின் மேல்புறம் இருந்ததா அடிப்புறமா, என்ன செய்துகொண்டிருந்தது. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நடந்ததா, ஓடியதா, ஒரே இடத்தில் நின்று இறக்கையை ஆட்டியதா, பறந்து போய்த் திரும்ப அதே இடத்துக்கு வந்ததா என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

காட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் பழைய தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. புயலடித்தால் பூங்கா ஓரங்களில் வெட்டிப் போட்ட கட்டைகள் மாதக்கணக்கில் கிடக்கும். 2016 டிசம்பரில் வர்தா போட்ட மரங்களை நினைவிருக்கும். பழகிப் பார்க்க அதுபோன்ற குவியல் போதும். சா மில்லில் பார்ப்பதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளூர் மரமா, கப்பலில் வந்ததா? இறக்குமதி மரத்துக்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி பூச்சிக்கொல்லிப் புகை போட வேண்டும். ஆகவே அதன் மேல் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம்மூர் ஈயாகத்தான் இருக்கும். இருந்தாலும் மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதைக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.

ஏற்ற காலம், மழை தொடங்கும் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதுக்குள் போனால் ஈ இன்னும் மந்தமாக இருக்கும், படத்துக்கு நிற்கும். மே மாதத்தில் போய் நின்றால் வியர்வைதான் மிச்சம்.

கட்டையைப் புரட்டும்போது எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அடியில் பாம்போ தேளோ இருந்தால் திறப்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். பொந்துக்குள் விரலை விடாதீர்கள். பார்த்து முடித்ததும் கட்டையை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

3. படம்: ஒன்று போதாது

அழகான படமும் அடையாளம் காட்டும் படமும் ஒன்றல்ல. மேலிருந்து எடுத்த பளபளப்பான ஒரே படத்தை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. தேவையானவை:

- மேலிருந்து முழு உடல்
- நேர் பக்கவாட்டு: கால், ஹால்டியர், வயிற்றின் வடிவம் தெரிய
- முகம் நேராக: மீசையின் வடிவம், இரண்டு கண்ணும் ஒட்டியிருக்கிறதா இடைவெளி இருக்கிறதா என்பது தெரிய (பல வகைகளில் ஆணுக்குக் கண் ஒட்டியிருக்கும், பெண்ணுக்கு இடைவெளி)
- இறக்கை விரிந்த நிலையில், நரம்புகள் எண்ணும்படி
- பக்கத்தில் ஒரு ஸ்கேல்
- கட்டை முழுவதும் தெரிய ஒரு படம்

இவற்றில் இறக்கைப் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஈக்களின் குடும்பத்தைப் பிரிப்பதில் இறக்கை நரம்புகளின் அமைப்பு முக்கியமான சான்று. நிறத்தை நம்பாதீர்கள், அது வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும், ஒரே இனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்குமே வேறுபடும்.

விலை குறைந்த போன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா கதைக்கு ஆகாது. முதன்மைக் கேமராவில் ஒரு கிளிப் லென்ஸ் மாட்டுங்கள்; ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கண்ணால் பார்க்க 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கைக்கண்ணாடி) ஒன்று வாங்குங்கள். சௌகார்பேட்டையில் நகை வேலை செய்கிறவர்கள் வைத்திருக்கும் அதே பொருள்தான். "30 மடங்கு, 60 மடங்கு" என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் மலிவு லூப்களை வாங்காதீர்கள். படம் கலங்கும், பெட்டியில் போட்ட எண்ணும் பெரும்பாலும் உண்மையாக இருக்காது.

ஈ நிற்கவே மாட்டேன் என்றால், தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, குளிர்ப் பெட்டியில் ஐஸ் பக்கத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஃப்ரீசரில் இல்லை. வெளியே எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் இருக்கும். அதற்குள் எல்லாக் கோணத்தையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் அதுவே பறந்து போய்விடும். இது உங்கள் தெருக் கட்டைக்கான வழி. காப்புக்காட்டில் டப்பாவை எடுக்கவே எடுக்காதீர்கள். காரணம் 6ஆம் படியில்.

4. குடும்பத்தைக் கண்டுபிடிப்பது

முதல் பிரிவு மீசையில். நூல் மாதிரி நீண்டு, பல கணுக்களாக இருந்தால் கொசுவின் உறவு (கொசுவும் ஈ வரிசையில்தான் சேரும்). குட்டையாக, மூன்று கணுவும் ஒரு மயிரும் என்று இருந்தால் வீட்டு ஈயின் உறவு. கட்டையில் அடிக்கடி கண்ணில் படும் குடும்பங்களைப் பார்ப்போம்.

ராட்சசக் கொசு போல இருந்து, தொட்டால் கால் கழன்று விழுந்தால் அது டிப்யூலிடே. நெஞ்சின் மேல் ஆங்கில 'வி' எழுத்து போல ஒரு பள்ளம் இருக்கும். கடிக்காது. அடித்துக் கொல்ல வேண்டாம். இதில் சிலவற்றின் புழுக்கள் மக்கிய மரத்தில்தான் வளர்கின்றன.

உலோகப் பச்சையில் மின்னி, உடம்பு சின்னதாகவும் கால் நீளமாகவும் இருந்தால் டோலிகோபோடிடே. இலை மேல் உட்காருபவை நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கும். மரத்தண்டில் தலையை மேலே தூக்கி நிமிர்ந்து நிற்கும் மங்கல் நிறத்தவை மெடிடெரா பேரினம். அவற்றின் புழு, பட்டைக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுக்களைத் தின்னும்.

முகத்தில் தாடி மயிர், இரண்டு கண்ணுக்கும் நடுவே உச்சியில் ஒரு பள்ளம், காலில் முரட்டு முட்கள், பறந்து போய் எதையாவது பிடித்துக்கொண்டு அதே கட்டைக்குத் திரும்புவது: இவை அசிலிடே, கொள்ளைக்கார ஈ. இதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு.

இறக்கையின் நரம்புகள் முன் விளிம்புப் பக்கம் நெருங்கி, நடுவில் ஐங்கோணம் போல ஒரு சின்ன அறை இருந்தால் ஸ்ட்ராட்டியோமைடே. கறுப்பாக, குளவி போல, 15 முதல் 20 மில்லிமீட்டர் நீளத்தில், வயிற்றின் தொடக்கத்தில் ஒளி ஊடுருவும் இரண்டு 'ஜன்னல்' இருந்தால் அது ஹெர்மீஷியா இலுசன்ஸ். அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. குப்பையை மக்க வைக்கவும் கோழி, மீன் தீவனத்துக்கும் இப்போது வளர்க்கிறார்கள். அரிதான ஈ கிடைத்துவிட்டது என்று பலர் துள்ளிக் குதிப்பது இதைப் பார்த்துத்தான். இதே குடும்பத்தில் பட்டைக்கு அடியில் வளரும் சின்னக் கறுப்பு வகைகளும் உண்டு. அவை கண்ணில் பட்டால் நின்று நிதானமாகப் படம் எடுங்கள்.

அந்தரத்தில் நிலைத்து நின்று பறந்தால் சிர்ஃபிடே என்று சந்தேகிக்கலாம். உறுதி செய்ய, இறக்கையின் நடுவில் எதோடும் சேராமல் ஒரு போலி நரம்பு ஓடுகிறதா பாருங்கள். சிவப்புக் கண், 3 மில்லிமீட்டர் அளவு, காளான் மேல் கூட்டம் என்றால் டிரோசோபிலிடே. கூன் முதுகோடு, பறக்காமல் விட்டு விட்டு ஓடினால் ஃபோரிடே.

இனி என்னை அலைக்கழித்த நீளக்கால்காரர்கள். இரண்டு குடும்பங்கள், இரண்டுமே மக்கும் மரத்தை நாடி வருபவை, இரண்டுமே ஒல்லி. பிரிக்க எளிய வழி முன்னங்கால். மற்ற நான்கு கால்களைவிட முன்னங்கால் தெளிவாகக் குட்டையாக இருந்து, மீசை குட்டையாகக் கீழ்நோக்கி இருந்தால் மைக்ரோபெசிடே. முன்னங்காலும் நீளமாக இருந்து, மீசை நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் நெரியிடே. மைக்ரோபெசிடே குடும்பத்தில் மிமெக்ரல்லா என்ற பேரினத்துக்கு முன்னங்கால் பாதம் வெள்ளை. அதைத் தலைக்கு முன்னால் தூக்கி ஆட்டிக்கொண்டே நடக்கும். பார்க்கிறவனுக்கு எறும்பின் மீசை, அல்லது குளவியின் மீசை. நம் கண்ணையும் ஏமாற்றுகிறது, பல்லியின் கண்ணையும் ஏமாற்றுகிறது போல. இஞ்சி பயிரிடுகிறவர்கள் கிழங்கு ஈ என்று சொல்வதும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்த ஒன்றைத்தான். நாகலாபுரத்தில் நான் பார்த்தது இதுதான். படத்தைவிட, அது நடந்ததை எடுத்த இருபது வினாடி வீடியோதான் வழக்கை முடித்தது.

5. ஆப்பில் பதிவிடுவது

உயிரினப் படங்களைப் பதிவிட்டால் மற்றவர்கள் பார்த்துப் பெயர் சொல்ல உதவும் ஆப் ஐநேச்சுரலிஸ்ட். அது இலவசம். கணக்கு தொடங்கி, ஒரே ஈயின் எல்லாப் படங்களையும் ஒரே பதிவில் போடுங்கள். படத்துக்கு ஒரு பதிவாகப் போட்டால் எவரும் சீந்த மாட்டார்கள். தேதி, இடம், கட்டை பற்றிய குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும்.

ஆப் தானாகக் காட்டும் முதல் பெயரை அப்படியே அமுக்கிவிடாதீர்கள். அருகில் பதிவானது என்ற குறிப்பு அந்தப் பெயரோடு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெயர் வைப்பதை ஒரு படி மேலே நிறுத்துங்கள்: 'ஈ வரிசை' என்று போட்டாலும் சரி, அதைத் தேடிப் பார்த்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பான இனப் பெயர் போட்டால் அவர்கள் கண்ணிலேயே படாமல் போய்விடும். கூகுள் லென்ஸை ஈ விஷயத்தில் நான் நம்புவதில்லை, பட்டாம்பூச்சிக்குப் பரவாயில்லை.

பதில் அன்றே வரலாம், மாதக்கணக்கில் வராமலும் போகலாம். நிபுணர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக இருந்தால் எல்லாப் படமும் ஏற்றிய பிறகு, ஒரே ஒரு முறை. இனப் பெயரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு ஆய்வுத் தரத்துக்கு உயரும். ஈக்களில் அது அபூர்வம். வருத்தப்பட ஒன்றுமில்லை.

6. பிடித்து வைக்கலாமா?

உங்கள் வீட்டுத் தோட்டம், தெருவில் கிடக்கும் கட்டை, உரிமையாளர் சம்மதித்த சா மில் என்றால் பிடிக்கலாம். சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு என்றால் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஓர் எறும்பைக்கூட எடுக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களுக்கான அனுமதி தலைமை வன உயிரினக் காப்பாளரின் கையில். நமக்குப் பக்கத்தில் இருப்பவை பழவேற்காடு சரணாலயம், கிண்டி தேசியப் பூங்கா. நாகலாபுரம், தடா பக்கம் ஆந்திர வனத்துறையின் எல்லை; சென்னையில் வாங்கிய காகிதம் அங்கே செல்லாது. "ஒரே ஒரு ஈதானே சார்" என்று சோதனைச் சாவடியில் வாதாடிப் பயனில்லை. அனுமதிக்கான விண்ணப்பத்தில் நோக்கம், இடம், தேதிகள், எத்தனை மாதிரி, எந்த நிறுவனத்தில் ஒப்படைப்பீர்கள் என்பதைக் கேட்பார்கள். தனி ஆளாகக் கேட்பதைவிடக் கல்லூரி வழியாகப் போவது நல்லது. மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

பிடித்ததை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் உயிர் போய்விடும். பிறகு இரண்டு வழி. மெல்லிய உடம்பு என்றால் மூடி இறுகிய சிறு குப்பியில் 70 சதவீத ஸ்பிரிட். மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தற்காலிகத்துக்குப் போதும். சுத்த எத்தனால் கலால் விதிகளுக்கு உட்பட்டது, தனி ஆளுக்குச் சுலபமாகக் கிடைக்காது. மயிரும் முள்ளும் நிறைந்த ஈ என்றால் ஊசி குத்திக் காய வைப்பதே நல்லது. ஸ்பிரிட்டில் போட்டால் நிறமும் மயிரும் கெட்டுவிடும். நம்மூர் ஈரப்பதத்தில் காய்ந்த ஈ பூஞ்சணம் பிடிக்கும், எறும்பு தின்னும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். பாச்சை உருண்டை ஒன்று, காற்றுப் புகாத டப்பா. போதும்.

லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து, தேதியும் இடமும் நீலத் தண்ணீராகிவிடும். இடம், தேதி, என்ன மரம், பிடித்தவர் பெயர் இல்லாத ஈ எந்த ஆய்வகத்துக்கும் தேவையில்லை.

7. நிபுணரிடம் கொண்டுபோவது

சென்னையில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம். எல்லோரும் சொல்வது இசட்.எஸ்.ஐ. வடசென்னையிலிருந்து பீச் ஸ்டேஷன் போய்ப் பறக்கும் ரயில் ஏறி மந்தைவெளியில் இறங்கினால் ஆட்டோ தூரம். நுங்கம்பாக்கத்தில் லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அது ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. இரண்டு இடத்துக்கும் முன்கூட்டிக் கேட்காமல் டப்பாவோடு போய் நிற்காதீர்கள். ஈ பார்க்கிறவர் களப்பயணத்தில் இருப்பார். வண்டு பார்க்கிறவர் உங்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புவார். ஓர் அலுவலகத்தில் என்னை ஒவ்வொரு மேசையாக அனுப்பி, கடைசியில் மறுபடி வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே கேட்டது ஒரு கடிதம், அவ்வளவுதான்.

ஆகவே மின்னஞ்சல் முதலில். படங்கள் அனைத்தும், கட்டைக் குறிப்பு, குடும்பம் இதுவாக இருக்கலாம் என்ற உங்கள் ஊகம், மாதிரி கைவசம் இருக்கிறதா என்பது. 'இது என்ன பூச்சி?' என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வராது. 'மைக்ரோபெசிடே என்று நினைக்கிறேன், முன்னங்கால் குட்டை' என்று எழுதினால் வரும். நேரில் போகும்போது: அடையாள அட்டை நகல், மாணவர் என்றால் துறைத் தலைவரின் கடிதம், மாதிரிகளின் பட்டியல் இரண்டு பிரதி (ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்), காட்டில் எடுத்தது என்றால் அனுமதிக் கடித நகல். முறையான அடையாளச் சான்று வேண்டுமென்றால் கட்டணம் உண்டு. மாதிரியைக் கொடுப்பதற்கு முன்பே தொகையையும் காலத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைக்கான அவசரம் இருந்தால் சொல்லிவிடுவது நல்லது, ஆனால் அவசரம் என்பதால் ஈ சீக்கிரம் பேசிவிடாது.

வெளிநாட்டு நிபுணர் ஒருவர் "அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன்" என்று அன்பாகச் சொல்வார். படத்தை அனுப்புங்கள், மாதிரியைத் தபாலில் போடாதீர்கள். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதற்கான தேசிய ஆணையம் இருப்பது நம்ம தரமணியில்தான், நடைமுறையை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் வந்ததும் அதைத் தனியாக இன்னொரு லேபிளில் எழுதி, யார் அடையாளம் கண்டார், எந்த ஆண்டு என்று சேர்த்து, பழைய லேபிளுக்குக் கீழே குத்துங்கள். பழையதைக் கிழித்துப் போடாதீர்கள். பெயர் நாளைக்கு மாறலாம், இடமும் தேதியும் மாறாது. ஆப்பில் போட்ட பதிவையும் அன்றே திருத்திவிடுங்கள்.